கிரேட் காக்ஸ்வெல் கற்களஞ்சியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் களஞ்சியம்? எங்கே இருக்கிறது?

தென் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஃபேரிங்டன் என்று ஒரு சின்னச் சந்தை ஊர் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே இரண்டு மைல் போனால் கிரேட் காக்ஸ்வெல் கிராமம். ஊர் ஓரத்தில், வயல்களைப் பார்த்தபடி நிற்கிறது இந்தக் களஞ்சியம். நீளம் 152 அடி, அகலம் 44 அடி, தரையிலிருந்து கூரை முகடு வரை 48 அடி. சுற்றிலும் கல் சுவர், மேலே கல் ஓடு, உள்ளே முழுக்க ஓக் மரம். ஏறக்குறைய 730 வருடமாக நிற்கிறது. பழைய புத்தகங்களில் இது பெர்க்ஷயரில் இருப்பதாகப் படித்தால் குழம்ப வேண்டாம். 1974-இல் எல்லைகளை மாற்றி அமைத்தபோதுதான் இந்தப் பகுதி ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்கு வந்தது.

இங்கிலாந்தில் இதைவிட நீளமான களஞ்சியங்கள் இருக்கின்றன. ஆனால் கட்டடக்கலையில் ஆர்வம் உள்ள ஒருவர் ஒரே ஒரு களஞ்சியத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இங்கே எந்த உறுப்பும் அழகுக்காக வைக்கப்படவில்லை. கதிர் எப்படி உள்ளே வந்தது, எங்கே அடுக்கினார்கள், எங்கே அடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு கல்லும் மரமும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

களஞ்சியம் என்றால் தானியம் கொட்டி வைக்கும் இடம்தானே?

இல்லை. இதைத் தெளிவாக்கிவிட்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். இங்கே வைத்தது பிரித்தெடுத்த தானியத்தை அல்ல, அறுத்த கதிரை அப்படியே கட்டுக்கட்டாக. ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. இங்கிலாந்தின் இலையுதிர்காலத்தை நம்பிக் கதிரை வெளியில் போட்டு வைத்தால் மழையில் முளைத்துவிடும், பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் காய்ந்த கதிர்க்கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து, கூரை வரைக்கும் போராக அடுக்கினார்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை குறைந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உள்ளேயே அடித்துத் தூற்றினார்கள்.

ஒரு மூட்டைக் கோதுமைக்குத் தேவைப்படும் இடம் ரொம்பக் குறைவு. அதே கோதுமை தாளோடும் கதிரோடும் இருந்தால் பல மடங்கு இடத்தை அடைக்கும். இவ்வளவு உயரமும் நீளமும் அதற்காகத்தான். பிரித்தெடுத்த தானியத்தை வைக்கத் தனியாகச் சின்னக் கிடங்குகள் இருந்தன. எலி ஏறாதபடி பல இடங்களில் அவற்றைக் காளான் வடிவக் கல் கால்கள்மேல் தூக்கிக் கட்டினார்கள்.

இது தசமபாகக் களஞ்சியம் என்று சொல்கிறார்களே?

பழைய பெரிய களஞ்சியம் எதைக் கண்டாலும் அப்படிச் சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் இருக்கிறது. காக்ஸ்வெல் விஷயத்தில் அது தவறு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஊர்த் தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது தசமபாகம். அப்படி வந்த கதிரைச் சேர்த்து வைத்தவைதான் தசமபாகக் களஞ்சியங்கள். 1836-இல் வந்த சட்டம் அந்தப் பங்கைப் பணமாக மாற்றியது. அதன் பிறகு அந்தக் களஞ்சியங்களுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

காக்ஸ்வெல் களஞ்சியத்தில் சேர்ந்தது மடத்தின் சொந்தப் பண்ணையில் விளைந்த கதிர். ஊராரிடம் வாங்கியது அல்ல. ஒரு பெரிய பண்ணையின் வேலைக்கூடம் என்று பார்த்தால்தான் கட்டடம் சரியாகப் புரியும்.

எந்த மடம்? துறவிகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பண்ணை?

சிஸ்டர்சியன் சபையைச் சேர்ந்த பியூலி மடம். ஜான் மன்னர் 1203-இல் ஃபேரிங்டன் பண்ணை நிலங்களை இந்தச் சபைக்குக் கொடுத்தார். அங்கேயே மடம் கட்டுவதாக இருந்து, அடுத்த வருடமே தெற்கே ஹாம்ப்ஷயரில் உள்ள பியூலிக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஃபேரிங்டன் பக்கத்து நிலங்கள் மடத்திடமே இருந்தன. காக்ஸ்வெல் அவற்றில் ஒன்று.

பிறர் உழைப்பில் வாழக் கூடாது, தங்கள் நிலத்தைத் தாங்களே பயிரிட வேண்டும் என்பது சிஸ்டர்சியன் சபையின் தொடக்கக்கால விதி. மடத்திலிருந்து தொலைவில் இருக்கும் நிலங்களைத் தனிப் பண்ணைகளாகப் பிரித்து, குருத்துவம் பெறாத சகோதரர்களையும் கூலியாட்களையும் வைத்து நடத்தினார்கள். கணக்கிலும் கறாரானவர்கள். பியூலி மடத்தின் 1269-70 வருடக் கணக்கேடு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பண்ணையிலும் என்ன வந்தது, என்ன போனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் தேவையில்லாமல் ஒரு கட்டடத்துக்குக் காசைக் கொட்டியிருக்க மாட்டார்கள். அவ்வளவு கதிர் வந்தது, அதனால் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்.

எப்போது கட்டினார்கள்? எப்படித் தெரியும்?

1292-ஐ ஒட்டி. கட்டிய வருடத்தைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. கல் வேலையின் பாணியையும் மரவேலையின் முறையையும் வைத்து, இன்னும் ஐம்பது வருடம் முன்னால் இருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். பிறகு மர வளையங்களை அளந்து பார்த்தபோதுதான் இந்த வருடம் தெரிந்தது.

மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த வருடத்து வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருடத்து வளையம் ஒடுங்கியிருக்கும். ஒரே வட்டாரத்து ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இன்று உயிரோடு இருக்கும் மரத்தில் தொடங்கி, பழைய வீட்டு உத்தரங்கள், அதைவிடப் பழைய மரங்கள் என்று ஒன்றோடு ஒன்று பொருத்திப் பின்னோக்கிப் போய், பல நூற்றாண்டுகளுக்கான வரிசையைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். களஞ்சிய மரத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு துண்டு துளைத்து எடுத்து, அந்த வரிசையில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் மரத்தை வெட்டிய காலம் தெரிந்துவிடும். ஓக் காய்ந்தால் இரும்பாக இறுகிவிடும், உளி இறங்காது. அந்தக் காலத்துத் தச்சர்கள் அதைப் பச்சையாகவே இழைத்துப் பொருத்தினார்கள். அதனால் மரம் வெட்டிய வருடத்தையே கட்டிய வருடமாகக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளலாம்.

சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

பக்கத்திலேயே கிடைத்த சுண்ணாம்புக்கல். சுவரின் பெரும்பகுதி, அதிகம் செதுக்காத சிறு கற்களை வரிசை பிடித்துச் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மூலைகள், வாசல் ஓரங்கள், உதைச்சுவர்கள் ஆகியவற்றில் மட்டும் சீராகச் செதுக்கிய பெரிய கல். நல்ல கல்லை எங்கே தேவையோ அங்கே மட்டும் செலவழித்திருக்கிறார்கள்.

வெளியே இடைவெளி விட்டு நிற்கும் உதைச்சுவர்களைக் கவனியுங்கள். கல் ஓடு வேய்ந்த கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளும். உள்ளே கூரை வரைக்கும் அடுக்கிய போரும் தன் பங்குக்குத் தள்ளும். அதற்கு எதிராகத்தான் இவை நிற்கின்றன. கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகச் சரிந்து உள்வாங்குகின்றன. மழைநீர் எங்கும் தேங்காது.

உள்ளே இருக்கும் மரவேலையை எல்லோரும் வியக்கிறார்களே, அதில் என்ன அப்படி?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

44 அடி அகலத்தை ஒரே உத்தரத்தால் கடக்க முடியாது. அவ்வளவு நீள மரம் கிடைத்தாலும், நடுவில் தொய்ந்துவிடும். அதனால் உள்ளே இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறு மரத்தூண்களை நிறுத்தினார்கள். நடுவில் உயரமான அகலக் கூடம், இருபுறமும் தாழ்ந்த ஓரப்பத்தி. நீளவாக்கில் பார்த்தால் தூணுக்குத் தூண் ஏழு அங்கணம். கூரைப் பாரத்தின் பெரும்பகுதி இந்தத் தூண்கள் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. சுவர் சுமப்பது மிச்சத்தைத்தான்.

இப்போது ஒரு தூணின் அடியில் போய் நில்லுங்கள். தூண் தரையில் நிற்கவில்லை. ஏறக்குறைய ஏழு அடி உயரக் கல் பீடம் ஒன்றின்மேல், உங்கள் தலைக்கும் மேலேதான் மரமே தொடங்குகிறது. கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு தட்டையான ஓக் கட்டை. மண்ணின் ஈரம் கல்லில் ஏறினாலும், தூணின் அடிக்கு நேராகப் போகாமல் இந்தக் கட்டை முதலில் வாங்கிக்கொள்ளும். தூணின் அடி இற்றுப்போவதுதான் மரக் கட்டடங்களின் தலையாய நோய். அதை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்படித் தடுத்திருக்கிறார்கள். இந்தப் பீடத்தால் இன்னொரு பயனும் உண்டு. பாரம் ஏற்றிய வண்டி திரும்பும்போது சக்கரம் இடித்தால், அடி கல்லில்தான் விழும்.

தூணின் உச்சியைப் பாருங்கள். அங்கிருந்து குறுக்கே ஒரு உத்தரம், நீளவாக்கில் ஒரு உத்தரம், மூலைக்கு மூலை சாய்வான தாங்குகட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கிறது. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் சட்டகம் முழுதாக ஒரே உடலாக நின்று எதிர்க்கும்.

இதற்கும் மேலே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தூண் ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே கூரைக்கு இன்னொரு தாங்கல் வேண்டும். அங்கேயும் தூண் நட்டிருந்தால் கூடம் அடைசலாகிவிடும், வண்டி திரும்ப முடியாது. அதனால் அங்கே தரையில் தூணே இல்லை. பக்கச் சுவரிலிருந்தே கிளம்பும் வளைந்த பெரிய மரங்கள் உள்நோக்கிச் சாய்ந்து ஏறி, நடுக்கூடத்துக்கு மேலே போய்ப் பாரத்தை ஏந்துகின்றன. வளைத்துச் செய்த மரங்கள் அல்ல, வளைந்தே வளர்ந்த மரங்களைத் தேடிப் பிடித்து வெட்டியவை. தூண் வைத்த சட்டகம், வளைமரச் சட்டகம், மறுபடி தூண் என்று மாறி மாறி வருவதால்தான், உள்ளே நுழைந்ததும் கூரை அப்படி ஒரு தாளத்தோடு தெரிகிறது. வேலைக்காகச் செய்த ஏற்பாடு இது, அழகு கூடவே வந்துவிட்டது. வில்ட்ஷயரில் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரின் களஞ்சியத்தில் இதைவிடப் பிரமாண்டமான மரக் கூரையைப் பார்க்கலாம். ஆனால் தூணையும் வளைமரத்தையும் இப்படி ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்திய தெளிவு காக்ஸ்வெலில்தான் என்னைக் கட்டிப்போடுகிறது.

இரும்பு ஆணி இல்லாமலா இவ்வளவும் நிற்கிறது?

ஆமாம், சட்டக மூட்டுகளில் ஆணிக்கு வேலை இல்லை. ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்குள் போகும் முளை, இரண்டையும் துளைத்துக்கொண்டு ஒரு ஓக் ஆப்பு. பச்சை மரம் காயக் காய மூட்டு இறுகும்.

தச்சர்கள் வேலையைக் களஞ்சியத்தின் உள்ளே தொடங்கவில்லை. இப்படிப்பட்ட சட்டகங்களை முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, பிறகுதான் தூக்கி நிறுத்துவார்கள். எது எதோடு சேரும் என்று தெரிய மூட்டுக்குப் பக்கத்தில் உளியால் கோடு போட்டு வைப்பார்கள். பழைய களஞ்சியங்களில் ரோமன் எண் மாதிரிக் கீறல்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் தச்சரின் குறிகள். சில இடங்களில் கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூவும் இருக்கும். தீங்கு அண்டாமல் இருக்கப் போட்டது என்பார் சிலர், தச்சர் அளவுக்குப் போட்ட வட்டம் என்பார் சிலர்.

கூரையில் இருப்பது சிலேட்டா?

அந்தச் சாம்பல் நிற வேல்ஸ் சிலேட் இல்லை. இது காட்ஸ்வோல்ட் பகுதியின் சுண்ணாம்புக்கல்லிலேயே தகடாகப் பிளக்கக்கூடிய ஒரு வகை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கல்லைத் தோண்டி எடுத்து, காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, குளிர்காலத்தில் வெளியே பரப்புவார்கள். கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது, கல் ஏடு ஏடாகப் பிளந்துகொள்ளும். உளியால் அடித்துப் பிளப்பதைவிடச் சீராக வரும். பனி சரியாக விழாத வருடத்தில் ஓடும் இல்லை.

ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை. அதில் ஒரு மர முளையைச் செருகி ரீப்பரில் மாட்டிவிடுவார்கள். கீழ் விளிம்பில் பெரிய ஓடு, மேலே போகப் போகச் சின்னது, முகட்டருகில் கையகலம். இதற்குக் காரணம் இருக்கிறது. கூரையின் கீழ்ப்பகுதியில்தான் மொத்தத் தண்ணீரும் வந்து சேரும். அங்கே மூட்டு குறைவாக இருப்பது நல்லது. பெரிய ஓடுகளின் எடையையும் அங்கே சுவரே நேராகத் தாங்கிக்கொள்ளும். அதோடு, சுரங்கத்தில் கிடைத்த சின்னத் துண்டும் வீணாகாது. கூரையைச் செங்குத்தாகச் சரித்திருப்பதும் நீர் வேகமாக ஓடத்தான். கல் தகடுகளுக்கு இடையே நீர் தயங்கினால் உள்ளே இறங்கிவிடும்.

எடை எவ்வளவு என்று கேட்பீர்கள். வில்ட்ஷயரின் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் களஞ்சியத்துக் கல் ஓடுகள் மட்டும் சுமார் 100 டன். இதை மனதில் வைத்துக்கொண்டு தூண்களையும் உதைச்சுவர்களையும் மறுபடி பாருங்கள்.

சன்னலே இல்லை. ஆனால் சுவர் முழுக்கச் சின்ன ஓட்டைகள். எதற்கு?

காக்ஸ்வெலில் வரிசையாகத் தெரியும் சதுர ஓட்டைகள், கட்டும்போது சாரத்துக் கழிகளைச் செருகியவை. பெரும்பாலான இடங்களில் இப்படிப்பட்ட ஓட்டைகளைக் கடைசியில் அடைத்துவிடுவார்கள். களஞ்சியத்துக்குக் காற்று வேண்டும் என்பதால், திறந்திருந்தாலும் நஷ்டம் இல்லை. ஈரக் கதிரை நெருக்கி அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறும், சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும்.

மற்ற களஞ்சியங்களில் வெளியே குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்கும் பிளவுகளைப் பார்க்கலாம். அம்பு எய்யும் ஓட்டை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வர வேண்டும் என்று செய்தது. பிற்காலக் களஞ்சியங்களில் முக்கோணச் சுவரின் உச்சியில் ஆந்தைக்கு என்றே ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். எலியைப் பிடிக்க ஆந்தை வேண்டுமே.

வாசல்கள் ஏன் அப்படி எதிரெதிராக இருக்கின்றன?

நீளப் பக்கங்கள் இரண்டிலும் சுவரைவிட்டு வெளியே நீண்ட முகப்புக் கூடங்கள் இருக்கின்றன. கதிர் வண்டி ஒரு பக்கமாக வந்து, சரக்கை இறக்கிவிட்டு, எதிர்ப் பக்கமாகப் போய்விடும். பாரம் ஏற்றிய வண்டியை உள்ளே திருப்பிப் பின்னால் தள்ளும் அவஸ்தை இல்லை.

களஞ்சியங்களில் எதிரெதிர் வாசல்களின் முழுப் பயனும் குளிர்காலத்தில்தான் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட தரைதான் களம். தோல் வாரால் இணைத்த இரண்டு கோல்களைச் சுழற்றிக் கதிரை அடிப்பார்கள். பிறகு இரு பக்கக் கதவுகளையும் திறந்துவிட்டால் காற்று ஊடுருவி வரும். முறத்தாலும் மண்வாரியாலும் தூற்றினால் பதர் பறந்துவிடும், மணி கீழே விழும். மணி வெளியே சிதறாமல் இருக்க, பல களஞ்சியங்களில் வாசலின் அடியில் பலகை செருகுவதற்குக் காடி வெட்டியிருப்பார்கள். அடுத்த தடவை எந்தக் களஞ்சியத்துக்குப் போனாலும் நிலையின் அடிப்பக்கம் அந்தக் காடி இருக்கிறதா என்று பாருங்கள்.

காக்ஸ்வெலின் இரண்டு முனைகளிலும் இப்போது இருக்கும் பெரிய கதவுகள் மூலக் கட்டடத்தைச் சேர்ந்தவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் வண்டிகள் பெரிதானபோது சுவரை உடைத்து வைத்தது.

உள்ளே நின்றால் தேவாலயம் மாதிரியே இருக்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நடுக்கூடம், இருபுறம் ஓரப்பத்தி, குறுக்கே நீளும் முகப்புகள் என்ற அமைப்பு தேவாலயத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்து இதைக் கட்டினார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அகலமான இடத்தைத் தூண் வரிசைகளால் மூடுவது ஐரோப்பாவில் வீடு, மண்டபம், மருத்துவமனை, சந்தை என எல்லாவற்றுக்கும் பொதுவான வழி. மரத்துக்கு இருக்கும் எல்லையால் வந்த வழி அது.

ஆனால் ஒன்று சொல்லலாம். சிஸ்டர்சியன் சபை தன் தேவாலயங்களிலேயே சிற்பமும் வண்ணமும் வேண்டாம் என்று தொடங்கிய சபை. அளவு, பொருத்தம், நல்ல கல் வேலை போதும் என்று இருந்தவர்கள். அதே கட்டுப்பாட்டைக் கதிர் வைக்கும் கூடத்திலும் காட்டியிருக்கிறார்கள்.

வில்லியம் மாரிஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடிவமைப்பாளரும் கவிஞருமான மாரிஸ் 1871 முதல் சில மைல் தொலைவில் கெல்ம்ஸ்காட்டில் இருந்தார். தன்னைப் பார்க்க வந்தவர்களை இங்கே கூட்டிவந்து காட்டுவார். ஒரு பேராலயத்துக்குச் சமமாகவே இதை மதித்தார். 1877-இல் அவர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. பழைய கட்டடத்தை, அது ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்று நாமே கற்பனை செய்த நிலைக்குத் திருப்பாதே, இருப்பதைப் பழுதுபார், அதற்குமேல் கை வைக்காதே என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. நான் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் கொள்கை அது. காக்ஸ்வெலைப் போன்ற கட்டடத்தில் எந்த நூற்றாண்டை அழித்து எந்த நூற்றாண்டைக் காட்டுவது? அந்த 18-ஆம் நூற்றாண்டுக் கதவுகளும் இருக்கட்டும்.

மடம் போன பிறகு யார் வைத்திருந்தார்கள்?

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1538-இல் பியூலியும் போயிற்று. மடத்துத் தேவாலயத்தை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். காக்ஸ்வெல் களஞ்சியம் தப்பியது. காரணம் எளிது. யார் நிலத்தை வாங்கினாலும் கதிர் வைக்க இடம் வேண்டும். அடுத்த நானூறு வருடமும் இது பண்ணைக் களஞ்சியமாகவே உழைத்தது. 1956-இல் எர்னஸ்ட் குக் வழியாக நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு வந்தது. சுற்றுலா நிறுவனம் தொடங்கிய தாமஸ் குக்கின் பேரன் அவர்.

இங்கிலாந்து முழுக்கக் களஞ்சியங்கள் கல்தானா?

இல்லை. காலடியில் எது கிடைத்ததோ அதில்தான் கட்டினார்கள். டார்செட்டில் தொடங்கி சாமர்செட், காட்ஸ்வோல்ட், நார்த்தாம்ப்டன்ஷயர் வழியாக வடகிழக்கே போகும் சுண்ணாம்புக்கல் பட்டையில் கல் களஞ்சியங்கள். கல் இல்லாத எசெக்ஸ், கென்ட் பக்கம் மரச் சட்டகமும் பலகைச் சுவரும். எசெக்ஸில் கிரெசிங் டெம்பிள் என்ற இடத்தில் டெம்ப்ளர் வீரத்துறவிகள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு மரக் களஞ்சியங்கள் நிற்கின்றன. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் 192 அடி நீளத்தில், 1426-27-இல் மரத்தால் கட்டியது.

வடக்கே யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் முற்றிலும் வேறு வகை. வயலுக்கு ஒன்றாகச் சின்னக் கல் களஞ்சியங்கள். கீழே மாடு, மேலே காய்ந்த புல். அங்கே கோதுமை விளையாது, புல்தான். குளிர்காலம் முழுக்க மாட்டை அந்தந்த வயலிலேயே வைத்துத் தீனி போட்டு, எருவையும் அங்கேயே இறைத்துவிடுவார்கள்.

காக்ஸ்வெலோடு சேர்த்து வேறு எவற்றைப் பார்க்கலாம்?

முதலில் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், 168 அடி, பதினான்கு அங்கணம். ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்தின் சொத்து. உள்ளே தூணே இல்லை. சுவரிலிருந்து எழும் வளைமரங்களே முழு அகலத்தையும் கடக்கின்றன. காக்ஸ்வெலைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் இரண்டு வழிகளின் வித்தியாசமும் பளிச்சென்று தெரியும்.

டார்செட் கடற்கரையில் ஆபட்ஸ்பரி, 272 அடி. பாதிக்குத்தான் இப்போது கூரை இருக்கிறது. சாமர்செட்டில் பில்டன் களஞ்சியம், கிளாஸ்டன்பரி மடத்துடையது. 1963-இல் மின்னல் தாக்கிக் கூரை எரிந்துபோயிற்று. பல வருடம் வெறும் சுவராக நின்று, 2005-வாக்கில் புது ஓக் கூரை பெற்றது. புது மரவேலை எப்படி இருக்கும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பியூலிக்குப் பக்கத்தில் செயின்ட் லெனர்ட்ஸ் என்ற இடத்தில், அதே மடம் கட்டிய இன்னொரு களஞ்சியம் இடிந்து நிற்கிறது. 200 அடிக்கும் மேல் நீளம். பிற்காலத்தில் அதன் சுவர்களுக்கு உள்ளேயே சின்னதாக வேறொரு களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கல் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்ட் வைத்துப் பூசலாமா?

தயவுசெய்து வேண்டாம். பழைய கல் கட்டடங்களுக்கு நடந்த கெடுதல்களில் பெரும்பங்கு இதனால்தான். சுண்ணாம்புக் காரை மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுவர் லேசாக அசைந்தாலும் வளைந்துகொடுக்கும். சிமெண்ட் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். சுவருக்குள் போன மழைநீர் காரை வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும். பனியில் அந்த ஈரம் உறைந்ததும் கல்லின் முகம் உதிரும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் கோடுகள் புடைத்து நிற்கும், கல் குழிந்து போயிருக்கும்.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், உறைபனிக் காலத்தில் வேலை செய்ய முடியாது, கைத்திறனும் வேண்டும். ஆனாலும் அதுதான் சரியான வழி.

பழைய களஞ்சியத்தை வாங்கி வீடாக மாற்றலாமா?

இங்கிலாந்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். 2014 முதல், குறிப்பிட்ட வரம்புகளுக்குள் பண்ணைக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்க விதி இருக்கிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டியலில் மூன்று நிலைகள். காக்ஸ்வெல் முதல் நிலையில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மொத்தக் கட்டடங்களில் சுமார் 2.5 சதவீதம்தான் அந்த நிலையில் வரும். அனுமதி இல்லாமல் பட்டியல் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது குற்றம். உரிமையாளரே செய்தாலும் குற்றம்தான். வௌவாலோ கொட்டகை ஆந்தையோ குடியிருந்தால் 1981-ஆம் வருட வனவுயிர்ச் சட்டமும் குறுக்கே வரும்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். களஞ்சியத்தின் உயிரே முனைக்கு முனை தடையில்லாமல் தெரியும் அந்தப் பெரிய வெளிதான். வீடு என்றால் அறை வேண்டும், மாடி வேண்டும், சன்னல் வேண்டும். மூன்றும் அந்த வெளியைத்தான் தின்னும். கேட்பாரற்று இடிந்து விழுவதைவிட மாற்றுவது மேல் என்று சொல்லும் நிலை வரலாம். அப்போதும் ஒரு சில அங்கணங்களையாவது கூரை வரைக்கும் திறந்தபடி விடச் சொல்வேன். சன்னலைக் கூரையில் குத்தாமல், ஏற்கெனவே இருக்கும் வண்டி வாசலிலேயே கண்ணாடி போட்டு வெளிச்சம் எடுத்துக்கொள்ளலாம்.

போய்ப் பார்க்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பெரிய ரயில் நிலையம் என்றால் ஸ்விண்டன் பக்கம். அங்கிருந்து ஃபேரிங்டனுக்குப் பேருந்து, பிறகு நடை. கார் இருந்தால் சுலபம். திறக்கும் நேரத்தை நேஷனல் டிரஸ்ட் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம், மேகம் இல்லாத நாளின் நடுப்பகலில் போவது நல்லது. மூட்டுகளைப் பார்க்க ஒரு டார்ச், முடிந்தால் ஒரு பைனாகுலர். முதலில் வெளியே முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதைச்சுவர்களைப் பாருங்கள், அப்புறம் உள்ளே போங்கள். ஊர்த் தேவாலயத்தையும் விட்டுவிட வேண்டாம். மடத்தின் கடைசிக் காலத்தில் காக்ஸ்வெல் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்த வில்லியம் மோரிஸ் என்ற விவசாயிக்கும் அவர் மனைவிக்கும் வைத்த பித்தளைத் தகடுகள் அங்கே இருக்கின்றன.